ஸ்டீயரிங்குக்குக் கீழே

கார் ஓட்டத் தெரிந்த பெண்கள் இன்று நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். ஸ்கூட்டியில் ஆரம்பித்துக் காருக்கு வந்தவர்கள், டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கு மட்டும் வண்டி எடுப்பவர்கள் என்று பல வகை. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் எப்படித் திரும்புகிறது என்று வீட்டுக் குழந்தை கேட்டால், "அப்பா வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்போம். அப்பாவுக்கும் பெரும்பாலும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

விஷயம் எளியது. ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதன் முனையில் ஒரு சிறிய பற்சக்கரம். வண்டியின் குறுக்கே பல் வைத்த நீளமான இரும்புத் தண்டு ஒன்று படுத்திருக்கிறது. பற்சக்கரம் அதன் மேல் உருளும்போது தண்டு இடமும் வலமுமாக நகர்கிறது. தண்டின் இரு முனைகளிலும் டை ராட் என்ற கம்பிகள் உண்டு. அவை முன்சக்கரங்களைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகின்றன. இந்த அமைப்புக்குத்தான் ஸ்டீயரிங் ராக் என்று பெயர். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றிலும், அமெரிக்கப் பிக்கப் டிரக்குகள் பலவற்றிலும் இருப்பது இதுதான்.

நான் வசிப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில். சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் நானும் என் சிநேகிதியும் அவர் வீட்டு வாசலில் வைத்து ஒரு பிக்கப் டிரக்கின் ஸ்டீயரிங் ராக்கை மாற்றினோம். அந்த வேலையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். செய்யப்போகிறோம் என்று கேள்விப்பட்டவர்கள், தமிழர்களும் அமெரிக்கர்களும், கேட்டது ஒன்றுதான்: "யாரு செய்யறா?" நாங்கள் இரண்டு பேர் என்று சொன்னால் அடுத்த கேள்வி: "சரி, கூட யாரு?" இந்தக் "கூட யாரு" எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

தொப்பி ஊசி

1886 ஜனவரி 29 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மூன்று சக்கர வண்டி அது. முன்னால் இரண்டு சக்கரங்கள் வைத்தால் இரண்டையும் சரியாகத் திருப்புவது எப்படி என்ற சிக்கலுக்கு அவரிடம் அப்போது விடை இல்லை. அதனால் ஒற்றைச் சக்கரம் வைத்தார். அதைத் திருப்புவதற்குப் பல் வைத்த தண்டு வைத்தார். ஆக, காரின் வரலாற்றுத் தொடக்கத்திலேயே ராக் இருக்கிறது.

அந்தத் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் பணமும் இருக்கிறது. 1871-இல் கார்லின் கூட்டாளியை விலக்கிப் பட்டறையைக் காப்பாற்றப் பணம் தேவைப்பட்டது. பெர்த்தா கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனத்தில் ஒரு பகுதியை வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு திருமணம். காப்புரிமைப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டுமே இருந்தது.

1888 ஆகஸ்டில் பெர்த்தா தன் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமல், மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். சுமார் 100 கிலோமீட்டர். அதுவரை இந்த வண்டி இவ்வளவு தூரம் ஓடியதில்லை. இந்தக் கதை நமக்குத் தெரியும். மகளிர் தினத்தன்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வருகிறது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி ஒன்று உரசித் தேய்ந்தது, காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து ஆணியடிக்கச் சொன்னார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கினார்.

இந்தக் கதையை எல்லோரும் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். தொப்பி ஊசி, காலுறைப் பட்டி. ஒரு பெண்ணின் சாமர்த்தியம், புன்னகைத்துக்கொண்டே சொல்ல ஏற்ற துணுக்கு. ஆனால் நடந்தது என்ன? ஓடிக்கொண்டிருந்த எந்திரம் நின்றதும் கோளாறு எரிபொருளிலா, மின்சாரத்திலா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரேக்கில் உராய்வுதான் வேலை செய்கிறது, உராய்வுக்குத் தோல் உதவும் என்று யோசிக்கத் தெரிந்திருக்கிறது. மேட்டில் வண்டி ஏறவில்லை, பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வண்டியில் மேடு ஏறுவதற்கான கியர் ஒன்று கூடுதலாக வந்தது. ஆண் செய்திருந்தால் இதைச் சோதனை ஓட்டம் என்றிருப்பார்கள். பெர்த்தா செய்ததால் இது அம்மா வீட்டுப் பயணம்.

போர் வந்தால் ஆள், போர் முடிந்தால் பெண்

அடுத்த இருபது ஆண்டுகளில் கார் பணக்காரர்களின் பொம்மையானது. ஓட்டுவதும் பராமரிப்பதும் சம்பளத்துக்கு வைத்த ஆளின் வேலை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் டோரதி லெவிட் 1906-இல் மணிக்கு 90 மைலுக்கு மேல் ஓட்டிப் பெண்களுக்கான வேகச் சாதனை படைத்தார். 1909-இல் 'பெண்ணும் காரும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கையேடு எழுதினார. ஓட்டும்போது ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டால் அவ்வப்போது தூக்கிப் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று அதில் சொன்னார். பின்பார்வைக் கண்ணாடி வண்டியோடு வரத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. வண்டி நின்றால் எதை எந்த வரிசையில் சோதிப்பது என்பதையும் அவர் பெண்களுக்கே எழுதினார்.

முதல் உலகப்போர் வந்ததும் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள், பழுது பார்த்தார்கள், வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் லேத் ஓட்டினார்கள். அப்போது மட்டும் யாரும் "கூட யாரு" என்று கேட்கவில்லை. போர் முடிந்தது. 1919-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போருக்கு முந்தைய தொழில் நடைமுறைகளை மீட்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. போர்க்காலத்தில் பொறியியல் வேலைகளுக்குள் வந்த பெண்களை வெளியே அனுப்ப அது வழி செய்தது. அதே ஆண்டு ஜூனில் பெண் பொறியாளர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

அந்தச் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர் டோரதே புல்லிங்கர். போரின்போது பாரோ நகரின் ஆயுதத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். 1914-இல் மோட்டார் பொறியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, விதியில் இருக்கும் 'நபர்' என்ற சொல் ஆணைத்தான் குறிக்கும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். போருக்குப் பின் ஸ்காட்லாந்தின் டங்லேண்ட் தொழிற்சாலையில், பெரும்பாலும் பெண்களே வேலை செய்ய, 'கேலோவே' என்ற கார் தயாரானது. உயரம் குறைந்தவர்களுக்கும் சாலை தெரியும்படி இருக்கை, கைக்கெட்டும் இடத்தில் ஹேண்ட் பிரேக், சிறிய ஸ்டீயரிங் சக்கரம் என்று யோசித்துச் செய்த கார். 1920-களின் இறுதியில் அது நின்றுபோனது. ஆண்களின் வேலையைப் பறிக்கிறாய் என்ற பேச்சைக் கேட்டுச் சலித்த புல்லிங்கர் கார் தொழிலையே விட்டு லண்டன் அருகே ஒரு சலவைத் தொழிலைத் தொடங்கினார். பெண் துணி துவைத்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1919-இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆலிஸ் ஆண்டர்சன் என்ற இளம்பெண் முழுக்கப் பெண்களே வேலை பார்க்கும் ஒரு கராஜைக் கட்டினார். பழுது பார்ப்பது, ஓட்டக் கற்றுத்தருவது, வாடகைக்கு வண்டி ஓட்டுவது எல்லாம் அங்கே நடந்தன. 1926-இல் அவர் இறந்தபோது வயது முப்பதுகூட நிறைந்திருக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் இதே கதை மறுபடியும் நடந்தது. 1945-இல் இளவரசி எலிசபெத்தே ராணுவ மெக்கானிக் பயிற்சி எடுத்தார். எஞ்சின் அருகே நிற்கும் அவருடைய புகைப்படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. போர் முடிந்ததும் அந்தப் படங்கள் ஆல்பத்துக்குள் போயின. ஸ்பானர் பிடித்த மற்ற பெண்களில் பெரும்பாலோர் சமையலறைக்குப் போனார்கள். தேவைப்பட்டபோது சில மாதங்களில் கற்றுக்கொடுக்க முடிந்த வேலையை, தேவை தீர்ந்ததும் பெண் உடலுக்கே ஒவ்வாதது என்று சொல்ல முடிந்திருக்கிறது. வலு என்ற வாதத்தை நான் சந்தேகிக்க ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

'பெண்களுக்காக' வந்த பவர் ஸ்டீயரிங்

காரில் வசதியாக எது வந்தாலும் அது பெண்களுக்காக வந்தது என்று சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையை 1912-இல் காடிலாக் காரில் வந்த மின் ஸ்டார்ட்டர் ஒழித்தது. கைப்பிடி உதைத்துக் கை உடைந்தவர்களில் ஆண்கள் ஏராளம். இருந்தும் ஸ்டார்ட்டர் பெண்களுக்கான சலுகை என்றுதான் பேசப்பட்டது. வரலாற்றாசிரியர் விர்ஜினியா ஷார்ஃப், அமெரிக்கப் பெண்களும் மோட்டார் காரும் பற்றி 1991-இல் எழுதிய நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். சுகம் வேண்டுவது பெண், வலிமை வேண்டுவது ஆண் என்று பிரித்து வைத்துவிட்டு, சுகத்தை எல்லோரும் அனுபவித்தார்கள்.

பவர் ஸ்டீயரிங்கின் கதையும் இப்படித்தான். அதை உருவாக்கிய ஃபிரான்சிஸ் டேவிஸ் முன்பு ஒரு கார் நிறுவனத்தின் லாரிப் பிரிவில் தலைமைப் பொறியாளர். கனரக லாரியின் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் ஆண்கள் படும் பாட்டைப் பார்த்தவர். 1926-இல் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஸ்டீயரிங்கை ஒரு காரில் பொருத்திக் காட்டினார். செலவு அதிகம் என்று நிறுவனங்கள் தள்ளிப்போட்டன. இரண்டாம் உலகப்போரில் ராணுவக் கவச வண்டிகளுக்கு அது போனது. கவச வண்டி ஓட்டிய சிப்பாய்களுக்கு மெல்லிய கை என்று யாரும் சொல்லவில்லை. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது பொதுச் சந்தைக்கு வந்தது. அதன்பின் வந்த விளம்பரங்கள் பலவற்றில் ஒரு விரலால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிப் புன்னகைக்கும் பெண்ணைப் பார்க்கலாம்.

அதே 1950-களில் அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கராஜ் ஆணின் இடமானது. ஸ்டீவன் கெல்பர் என்ற வரலாற்றாசிரியர் 1997-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. அலுவலக வேலைக்குப் போகத் தொடங்கிய ஆண்களுக்கு வீட்டுக்குள் ஓர் ஆண்மை தேவைப்பட்டது, சனிக்கிழமைப் பழுதுவேலை அதைக் கொடுத்தது என்கிறார் அவர். படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டில் செய்யும், சம்பளம் இல்லாத, செய்யாவிட்டால் குடும்பம் நின்றுபோகும் வேலைக்கு நாம் வீட்டுவேலை என்று பெயர் வைத்திருக்கிறோம். வாசலில் படுத்து டிரக்கின் ராக்கை மாற்றுவதும் இந்த மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் அதற்கு வீட்டுவேலை என்று பெயரில்லை. அது திறமை, அது பொழுதுபோக்கு. ஆண்டுக்கு ஒருமுறை செய்தாலும் பத்துப் பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். அவன் டிரக்குக்கு அடியில் கிடக்கும் எட்டு மணி நேரமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சோறு சமைத்துக்கொண்டு இருந்தவளின் நேரம் அந்தக் கதையில் வராது.

அயோவா, 1976

அமெரிக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் பையன்களுக்குப் பட்டறை வகுப்பு, பெண்களுக்குச் சமையலும் தையலும். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1972-இல் வந்தது. வகுப்புகளை இப்படிப் பிரிக்கக் கூடாது என்ற விதிகள் 1975-இல் நடைமுறைக்கு வந்தன. 1974-இல் வந்த கடன் சமத்துவச் சட்டத்துக்கு முன்பு, சம்பாதிக்கும் பெண் கார் வாங்கக் கடன் கேட்டாலும் வங்கி கணவரின் அல்லது அப்பாவின் கையெழுத்தைக் கேட்க முடிந்தது. கடன் வாங்கவும் கையெழுத்து, பழுது பார்க்கவும் துணை. "கூட யாரு" என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்திருக்கிறது.

அந்த ஆண்டுகளில்தான் நான் இப்போது வாழும் இதே மாநிலத்தில், அயோவா சிட்டி என்ற பல்கலைக்கழக ஊரில், பெண்கள் சேர்ந்து ஓர் அச்சகம் நடத்தினார்கள். அயோவா சிட்டி விமன்ஸ் பிரஸ் என்று பெயர். 1976-இல் அவர்கள் வெளியிட்ட புத்தகங்களில் ஒன்று, பெண்களுக்கான கார் பழுதுநீக்கக் கையேடு. எழுதியவர் பார்ப் வயட். கிரீஸ் படிந்த கட்டைவிரல் என்பது போன்ற ஒரு தலைப்பு. அடுத்த ஆண்டு பெண்களுக்கான தச்சுவேலைக் கையேடு ஒன்று வந்தது. அதை எழுதியவர் டேல் மக்கார்மிக். இந்த அச்சகத்தில் இருந்தவர்களிடமிருந்து 1982-இல் உருவானதுதான் ஆண்ட் லூட் என்ற பெண்ணியப் பதிப்பகம். குளோரியா அன்சால்டுவாவின் புகழ்பெற்ற எல்லைநிலம் பற்றிய நூலை 1987-இல் கொண்டுவந்ததில் அதற்குப் பங்குண்டு.

பெண்ணியப் பதிப்பு என்றால் கவிதையும் கோட்பாடும் என்று நினைத்துப் பழகிய எனக்கு இது புதிதாக இருந்தது. அந்தப் பெண்களுக்குக் கார் கையேடும் அரசியல் நூல்தான். ஆணாதிக்கம் என்ன என்று விளக்கும் கட்டுரை ஒரு பக்கம். இரவில் வண்டி நின்றால் யாரையும் கெஞ்சாமல் வீடு வந்து சேரச் சொல்லித்தரும் பக்கம் இன்னொன்று. ஓடும் வண்டி ஒன்று கையில் இருப்பது, அடிக்கிறவனை விட்டுக் கிளம்ப நினைக்கும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தால் இரண்டும் வேறில்லை. அதே 1976-இல் டியானா ஸ்க்லார் என்ற பெண்ணும், காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தொடங்கிக் கற்றுக்கொண்டு, கார் பழுது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது இன்றுவரை புதுப்பதிப்புகள் காண்கிறது. ஆண்களும் அதைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுகிறார்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

என் சிநேகிதி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் எடுத்துக் கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய் போட்டு சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறார். பழைய பிக்கப் டிரக்தான் அவருடைய தொழிலின் முதுகெலும்பு. அதன் ஸ்டீயரிங் சில மாதங்களாக ஆட்டம் காட்டியது. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி திரும்பாது. அதன் பிறகு சட்டென்று திரும்பும். திருப்பும்போது கடக் என்று சத்தம். நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு. ராக்கின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் உறையைத் தொட்டுப் பார்த்தோம், உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தது. சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஒர்க்‌ஷாப் ஒன்றில் கேட்டபோது பெரிய தொகை சொன்னார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, உங்கள் கணவர் வந்தால் விளக்குகிறோம் என்றார்கள். அக்கா திரும்பி வந்து சொன்னது: "அவருக்கு விளக்கி, அவர் எனக்கு விளக்கறதுக்குள்ள நானே பாத்துடுவேன்."

முதல் ஞாயிறு முழுக்கக் கழற்றுவதில் போனது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து அது சுழலாமல் சீட் பெல்ட்டால் கட்டினோம். ராக்கிலிருந்து பிரித்த பிறகு அது தானாகச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கம்பி அறுந்துவிடும். ஜாக்கியால் தூக்கி, சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகள் வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போனோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. உயிர் போகும் விஷயம். முன்சக்கரங்களைக் கழற்றி, டை ராட் முனையின் காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தினோம். முனை அசையவில்லை. போல்ட்டை அடிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் கனத்த இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு முறை ஓங்கித் தட்டினால் தானே விடும் என்று கையேடு சொன்னது. விட்டது.

வலு பற்றிய பேச்சு எனக்கு முடிந்துபோனது ராக்கைச் சட்டத்தோடு பிணைக்கும் பெரிய போல்ட்டுகளிடம்தான். இந்த ஊரில் பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுவார்கள். அடிப்பக்கம் முழுக்கத் துரு. முந்தின இரவே துருவிளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்திருந்தோம். ஸ்பானரால் இரண்டு பேரும் இழுத்தும் அசையவில்லை. அதன் கைப்பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, குழாயின் கடைசி முனையை அக்கா ஒற்றைக் கையால் அழுத்தினார். கிரீச் என்று போல்ட் திரும்பியது. பளுதூக்கும் ஆணும் அந்தக் குழாயைத்தான் எடுத்திருப்பான். கிணற்று ராட்டினமும் பாக்குவெட்டியும் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அண்ணன், அதாவது அக்காவின் கணவர், கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். "தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், கூப்பிடட்டுமா?" என்றார். அடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "நீங்க சாதம் வைங்க. நாங்க இதைப் பாத்துக்கறோம்." வைத்தார். நன்றாகவே வைத்தார். கெல்பர் எழுதாமல் விட்ட பகுதி இது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாட்டும் வேலை. பழைய ராக்கில் டை ராட் முனை எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி எழுதிவைத்திருந்தோம். புதியதில் அதே எண்ணிக்கை சுற்றினோம். எண்ணெய்க் குழாய்களுக்குப் புது வளையங்கள். எண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பாமல், சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பல முறை திருப்பினோம். உள்ளே சிக்கிய காற்று குமிழ்குமிழாக வெளியே வந்தது. குமிழ் நின்ற பிறகுதான் எஞ்சின். கடைசியில் வீல் அலைன்மென்ட்டுக்குக் கடைக்குத்தான் போனோம். அதற்கு எந்திரம் வேண்டும். அங்கே இருந்த இளைஞர் அடியில் பார்த்துவிட்டு, "ராக் புதுசா இருக்கே, யார் போட்டது?" என்றார். அக்கா பதில் சொன்னார். "அளவு கொஞ்சம்தான் தள்ளியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். அந்தச் சாதாரணம் எனக்குப் பிடித்திருந்தது.

தெரியாமைக்கு விலை

அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், மெகன் பஸ்ஸே, அயெலெட் இஸ்ரேலி, ஃப்ளோரியன் செட்டல்மேயர், 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஒர்க்‌ஷாப்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரே காருக்கு ஒரே வேலை, ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு என்று கேட்கச் செய்தார்கள். விலை பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னவர்களில் ஆண்களுக்குச் சராசரியாக 383 டாலரும் பெண்களுக்கு 406 டாலரும் சொல்லப்பட்டன. சந்தை விலை இவ்வளவு என்று கேள்விப்பட்டேன் என்று சேர்த்துச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்தது. தெரியாது என்று ஆண் சொன்னால், தெரிந்துகொண்டே கேட்கிறான் என்று கடைக்காரர் சந்தேகிக்கிறார். பெண் சொன்னால் அப்படியே நம்புகிறார். நம் அறியாமைக்கு மட்டும் அவ்வளவு நம்பகத்தன்மை.

பென்சில்வேனியாவின் அப்பர் டார்பியில் பட்ரீஸ் பேங்க்ஸ் என்ற கறுப்பினப் பொறியாளர், தானே இப்படி ஏமாந்து சலித்து, மெக்கானிக் படிப்புப் படித்து, 2017-இல் பெண்களுக்கான ஒர்க்‌ஷாப் திறந்தார். அவரைப் போன்றவர்கள் இன்னும் மிகச் சிலரே.

நம் ஊரில் 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம். வசந்தகுமாரி அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் ஓட்டுநரானார். 2017-இல் ஓய்வுபெறும் வரை ஓட்டினார். பேருந்து ஸ்டீயரிங்குக்கு ஆண் கை வேண்டும் என்ற பேச்சுக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை. ஆனால் பேருந்தை ஓட்டிய பெண்ணின் பெயரைச் சொல்ல முடிகிற நமக்கு, பணிமனைக் குழிக்குள் இறங்கி அதைச் சரிசெய்த பெண்ணின் பெயரைச் சொல்ல முடிகிறதா? ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு பெண்களுக்கு மூடியிருக்கவில்லை. சேர்க்கை நாளில் "பொண்ணுக்கு எதுக்கு இது, கம்ப்யூட்டர் போடலாமே" என்று சொல்லும் குரல்தான் வாசலில் நிற்கிறது.

என் அம்மா தையல் மெஷினைத் தானே பிரித்து எண்ணெய் போடுவார். பெல்ட் அறுந்தால் அளவெடுத்து வெட்டி மாட்டுவார். நூல் அறுந்துகொண்டே இருந்தால் பாபினிலா, ஊசியிலா, இழுவையிலா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார். பெர்த்தா பென்ஸ் சாலையில் செய்ததும் இதே முறைதான். யாரும் அம்மாவை மெக்கானிக் என்று சொன்னதில்லை, அவரும் நினைத்ததில்லை. மெஷினைத் திறக்க அவருக்கு இருந்த உரிமை, அது வீட்டுக்குள் இருந்ததால், அது பெண்ணின் பொருள் என்பதால் கிடைத்தது. வாசலில் நிற்கும் வண்டிக்கு அந்த உரிமை நீளவில்லை.

ராக்கை எல்லோரும் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நேரமும் இடமும் கருவிகளும் இருந்ததால் எங்களுக்கு அது முடிந்தது. வாடகை வீட்டில், மாடியில், ஒரு கையில் குழந்தையோடு இருப்பவருக்கு முடியாது. அடுத்த முறை வண்டியை விடும்போது எல்லோராலும் செய்ய முடிந்தவை சில உண்டு. எந்தப் பாகம் போயிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்கலாம். பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்கலாம். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். வண்டியைத் தூக்கும்போது வெளியே நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் போய் நிற்கலாம். கூட வரும் மகளை முன்னால் நிறுத்தலாம்.